ஐப்பசி மழைக்குத் தாங்குமா உங்கள் திட்டம்?

கேள்வி: ஜனவரி பிறந்தால் ஜிம்மில் சேருகிறேன், மாசி முடிவதற்குள் நின்றுவிடுகிறது. இந்த வருடம் ஓட்ஸ், கிரீன் டீ என்று ஆரம்பித்தேன், அதுவும் போச்சு. வயது 43, ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்கிறார் டாக்டர். எனக்காகத் தனியாகச் சமைக்க மனைவி அலுத்துக்கொள்கிறாள். எனக்கு மன உறுதி இல்லையா? வருடம் முழுக்க விடாமல் செய்ய என்ன வழி?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மன உறுதிக்கு என்ன குறைச்சல்? தோற்ற இடத்துக்கே வருடா வருடம் பணத்தைக் கட்டிக்கொண்டு திரும்பப் போகிறீர்களே, அதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்!

உங்கள் கடிதம் மூன்று பக்கம், இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். சுருக்கும்போது விட்டுப்போன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "ஓட்ஸ் டப்பாவில் வண்டு விழுந்துவிட்டது." அரிசி மூட்டையில் வண்டு விழுந்தால் அன்றைக்கே புடைத்துச் சலித்து வெயிலில் போட்டிருப்பார்கள். ஓட்ஸில் விழுந்தது பல நாள் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அது அந்த வீட்டுச் சாப்பாடாக ஆகவே இல்லை, மேல் தட்டில் தங்கியிருந்த விருந்தாளி.

இப்போது காலண்டரை எடுங்கள். திட்டம் போட்டது மார்கழிக் குளிரில். தையில் முகூர்த்தம், வாரத்துக்கு இரண்டு பந்தி. மாசி முடிவு என்றால் மார்ச் நடுவில் வருகிறது, மார்ச் 31-க்குள் கணக்கை முடிக்க வேண்டிய ஆள், ராத்திரி 11 மணிக்குச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு, காலை 5.30-க்கு ஜிம் வாசலில் நிற்பாரா? நிற்கமாட்டார். நானும் நிற்கமாட்டேன். அப்புறம் சித்திரை வெயில், ஆடித் தள்ளுபடி, ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம், கூடவே மழை. உங்கள் தொழிலில் வருடத்தில் ஐந்து மாதம் சீசன். சீசன் இல்லாத மாதத்துக்கு மட்டும் திட்டம் போட்டுவிட்டு, அது சீசனில் முறிந்தவுடனே குற்றத்தை உங்கள் மேல் போட்டுக்கொள்கிறீர்கள். திட்டத்தை மார்கழியில் போடுங்கள், பரவாயில்லை. ஆனால் ஐப்பசியில், கடையில் கால் வைக்க இடமில்லாத ஒரு நாளில், வெளியே மழை கொட்டும்போது இதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்த்துப் போடுங்கள். அன்றைக்கு முடிகிற அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு, மற்ற நாளில் கூடுதலாகச் செய்வதெல்லாம் லாபம்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதாகவும், 23-ஆம் நாள் தூங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 21 என்ற எண் 1960-இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்குத் தன் புது முகம் பழக குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்றார் அவர், அது எப்படியோ உடற்பயிற்சிக்கு வந்து ஒட்டிக்கொண்டது. லண்டனில் 96 பேரை வைத்து நிஜமாகவே பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு காரியம் யோசிக்காமல் தானாக நடக்க ஆரம்பிப்பதற்குச் சராசரியாக 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். அதில் உங்களுக்கான செய்தி வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதல் ஏதும் இல்லை. 23-ஆம் நாள் தூங்கினீர்கள், சரி. 24-ஆம் நாள் என்ன ஆயிற்று?

உடற்பயிற்சிக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அதுவும் ஓடச் சொல்லவில்லை, வேகமாக நடந்தால் போதும். முன்பு ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள், 2020-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதாவது குடோனுக்கு மாடிப்படி ஏறுகிற மூன்று நிமிடமும் வரவுதான். கணக்கு எழுதுகிறவருக்கு இது புரியாமல் போகாது.

நீங்கள் வீட்டுக் காய்கறியை வண்டியில் போய் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், வீடு சம்பத் நகர் உழவர் சந்தையிலிருந்து முக்கால் கிலோமீட்டர். வாரத்தில் நான்கு நாள் அந்த வண்டியை வீட்டில் விடுங்கள். விடியற்காலை இருட்டு பிரிகிற நேரத்தில் ஒரு துணிப்பை எடுத்துக்கொண்டு நடந்து போய், அன்றைக்கு வேண்டிய காயை மட்டும் வாங்கி, சுற்று வழியாக நடந்து வாருங்கள், அரை மணி நேரம் ஆகிவிடும். ஒரே நாளில் ஐந்து கிலோ வாங்கி ஃபிரிட்ஜில் அடைக்கிறவருக்கு நடக்கக் காரணம் இருக்காது, அன்றன்றைக்கு வாங்குகிறவருக்கு வீட்டிலிருந்தே சத்தம் வரும்: "காய் இல்லைங்க, கிளம்பலையா?" அந்தச் சத்தத்தைவிடப் பெரிய மன உறுதி எதுவும் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் ஆறு மணிக்கு முன்னால் கிளம்புங்கள். மழை நாளில் போக வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருபது தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றி இருபது தடவை சாய்ந்து நிமிர்வது. நாற்பதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அதனால் இதை மழை இல்லாத வாரத்திலும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். முட்டி வலி இருந்தால், அல்லது டாக்டர் மாத்திரை ஆரம்பித்திருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

இனி சாப்பாடு. மனைவி அலுத்துக்கொள்கிறார் என்று புகார் சொல்கிறீர்கள். அலுத்துக்கொள்ளாமல்? ஒரே அடுப்பில் உங்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, உங்கள் அம்மாவுக்கு உப்பில்லாமல் ஒன்று என்று வருடம் முழுக்க இறக்கி வைக்க அவர் என்ன ஹோட்டலா நடத்துகிறார்? தனிச் சமையல் என்று ஆரம்பித்த எந்தப் பத்தியமும் நீடித்து நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரே சமையல் இருக்கட்டும், உங்கள் தட்டில் மட்டும் அளவு மாறட்டும். நம் தட்டில் பெரும் பங்கு தானியம்தான். 2024-இல் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, சமைக்காத எடையில் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறி 400 கிராம் என்று இருக்கிறது. தானியத்தைவிடக் காய் அதிகம்! நீங்கள் எழுதியிருப்பதோ மத்தியானம் மூன்று கரண்டி சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். அந்தப் பொரியலை ஊறுகாய் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் கூட்டும் பொரியலும் பாதித் தட்டுக்குப் போட்டுக்கொண்டு, அப்புறம் மீதி இடத்தில் சோறு போடுங்கள். வரிசையை மாற்றினாலே ஒரு கரண்டி தானாகக் குறையும், யாரும் யாருக்காகவும் தனியாக எதுவும் சமைக்க வேண்டியதில்லை.

கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஓட்ஸைத் தேடுகிறீர்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கொள்ளு பருப்பு உங்கள் ஊர்ச் சமையல்தானே? நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதை நம்பி, கொள்ளு ரசம் குடித்தால் தொப்பை கரையும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அப்படி எதையும் எதுவும் கரைக்காது. வயிறு நிறையும், அடுத்த கரண்டி சோறு கேட்காது, அவ்வளவுதான் அதன் வேலை. கம்பஞ்சோறு, ராகிக் களி இருக்கிறது. களி என்றால் சர்க்கரை ஏறாது என்று இரண்டு உருண்டை விழுங்குகிறவர்களையும் பார்க்கிறேன், அதுவும் தானியம்தான், அளவு அதற்கும் உண்டு.

கடையில் ஒரு நாளைக்கு நாலு டீ என்று எழுதியிருக்கிறீர்கள். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன். கிரீன் டீக்கு மாற வேண்டாம், நீங்கள் மாறமாட்டீர்கள் என்பது தெரிந்துவிட்டது. டீக்கடைப் பையனிடம் "சர்க்கரை பாதி" என்று ஒரு தடவை சொல்லிவையுங்கள், அப்புறம் அவனே ஞாபகம் வைத்துக்கொள்வான். ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு என்பதை உங்களால் மாற்ற முடியாது, முதலாளி கையில் இருக்கிறது. ஆனால் ஏழு மணிக்கு வருகிற பஜ்ஜிக்குப் பதிலாக வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டல் டப்பாவைத் திறக்கலாம், பத்து மணிக்குப் பசி பாதிதான் இருக்கும்.

கடைசியாக, தீபாவளிப் பலகாரம் தொடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். தொடாமல் இருந்தால் உங்கள் மாமியார் வருத்தப்படுவார், சாப்பிடுங்கள். அமெரிக்காவில் 195 பேரைப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து 2000-இல் எழுதினார்கள். சராசரியாக ஏறியது 400 கிராமுக்கும் குறைவு. பயந்தது போல ஒன்றுமில்லை. ஆனால் அந்த எடை அடுத்த வசந்தம் வரை, ஏன் அதற்குப் பிறகும், இறங்கவில்லை என்பதுதான் வில்லங்கம், வருடத்துக்கு அரைக் கிலோ என்று பத்து வருடம் ஏறினால் 33-இல் தைத்த பேண்ட் 43-இல் எங்கே போகும் என்பது ஜவுளிக்கடைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அன்றைக்கு அதிரசம், மறுநாள் காலை வழக்கம்போல துணிப்பை. தீபாவளி மறுநாள் சந்தையில் காய் வரத்து குறைவாக இருக்கும், சும்மா நடந்துவிட்டாவது வாருங்கள்.

ஓட்ஸ் டப்பாவை எறிய வேண்டாம். வண்டு போகச் சலித்து, வறுத்துப் பொடித்து, அடை மாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்க்கச் சொல்லுங்கள். சலிக்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள், வாங்கியது நீங்கள்தானே.