இணைப்பு அறிவித்து எட்டு மாதம்: ராஜினாமாவா, காத்திருப்பா?

கேள்வி: சென்னையில் பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிதி நிறுவனத்தில் கிளை மேலாளராக இருக்கிறேன். சேர்ந்து நான்கு ஆண்டு இரண்டு மாதம் ஆகிறது. எங்களை ஒரு வங்கியோடு இணைக்கப்போவதாக எட்டு மாதம் முன்பு அறிவித்தார்கள். இந்த ஆண்டு இன்கிரிமென்ட் இல்லை. ஹெச்ஆரிடம் எதைக் கேட்டாலும் "முடிவானதும் சொல்கிறோம்" என்கிறார்கள். வெறுத்துவிட்டது. ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: ஹெச்ஆர் மழுப்புகிறார்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை என்பது. இணைப்பு நடைமுறைக்கு வரும்வரை இரண்டும் தனித்தனி நிறுவனங்கள்தான். அதற்கு முன்பே ஒன்றுபோல இயங்கினால் போட்டி ஆணையம் அபராதம் போடலாம். பங்கு விலையைப் பாதிக்கும் தகவலைக் கசியவிட்டால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும். எந்தக் கிளை மூடப்படும் என்று மேலதிகாரியைத் துளைத்துப் பயனில்லை; பெரும்பாலும் அவருக்கும் தெரியாது.

உங்களுக்குத் தேவையான பதிலில் பெரும்பகுதி எழுத்தில் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 230 முதல் 232 வரை உள்ளபடி இணைப்புத் திட்ட ஆவணம் தயாரிக்கப்பட வேண்டும். அது பங்குச் சந்தையின் இணையதளத்திலேயே கிடைக்கும். அதில் ஊழியர்கள் பற்றிய பகுதி ஒரு பக்கம்கூட வராது. அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பணிக்காலம் இடைமுறிவின்றித் தொடருமா, பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை) நிதிகள் புதிய நிறுவனத்துக்கு மாறுமா, சம்பள நிபந்தனைகள் இப்போதைவிடக் குறையாது என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'மொத்தத்தில் குறையாது' என்று இருந்தால் உஷார். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, இலக்கை எட்டினால்தான் வரும் தொகையைக் கூட்டினாலும் 'மொத்தம்' குறையாதுதானே! விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணையவிருந்தபோது, 2024 தொடக்கத்தில் விமானிகள் கொதித்தது இப்படிப்பட்ட மாற்றத்துக்குத்தான்: உறுதியான ஊதியம் 70 மணி நேரப் பறத்தலுக்கு என்றிருந்தது 40 மணி நேரமாகச் சுருங்கியது.

நிறுவனம் கைமாறும்போது தொழிலாளர்களுக்குத் தொழிற்சட்டம் தரும் பாதுகாப்பு, நிர்வாகப் பொறுப்பில் உள்ள உங்களுக்குப் பொருந்தாது. அதனால்தான் அந்த ஒரு பக்கமும் உங்கள் நியமனக் கடிதமும் இவ்வளவு முக்கியம்.

அடுத்தது பணம். அடிப்படைச் சம்பளமும் டிஏவும் சேர்ந்து 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26ஆல் வகுத்து (மாதத்தின் வேலை நாட்கள்) 15ஆல் பெருக்கினால் (ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்) ஓராண்டுக்கு 23,077. ஐந்து ஆண்டுக்குச் சுமார் 1,15,385 ரூபாய் கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு முடிந்தால்தான் அது கிடைக்கும்; நீங்கள் இன்று விலகினால் அதில் ஒரு ரூபாய்கூட வராது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால் பல நிறுவனங்கள் மறுக்கும். வாங்க அலைய வேண்டும்.

இணைப்பு நாள் நெருங்கும்போது "வெறும் சம்பிரதாயம்" என்று சொல்லி ராஜினாமாக் கடிதத்திலும் புதிய நியமனக் கடிதத்திலும் சேர்த்துக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். உங்கள் ஐந்தாண்டுக் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கிவிடும். பழைய சேர்ந்த தேதியைக் குறிப்பிடும் பணிமாற்றக் கடிதம்தான் வேண்டும். அந்தத் தேதி, மீதமுள்ள விடுப்பு, இந்த ஆண்டு அப்ரைசலை எந்த நிறுவனம் முடிக்கும் ஆகிய மூன்றையும் இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். இவற்றுக்கு ஹெச்ஆர் பதில் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

பிஎஃப் பணத்தை எடுக்க வேண்டாம். ஐந்தாண்டு முடியாமல் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியத்துக்கான பத்தாண்டுக் கணக்கும் அறுந்துபோகும். உங்கள் பிஎஃப் கணக்குக்கான அதே யுஏஎன் எண்ணில் மாற்றினால் போதும். பழைய நிறுவனம் பதியும் வெளியேறிய தேதியும் புதிய நிறுவனம் பதியும் சேர்ந்த தேதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்த மாற்றம் தாமதமாகலாம். சம்பளச் சீட்டு, படிவம் 16, விடுப்புக் கணக்கு, அப்ரைசல் கடிதங்களை இறக்கிக்கொள்ளுங்கள்; இணைப்புக்குப் பின் பழைய லாகின் வேலை செய்யாமல் போகலாம். வாடிக்கையாளர் விவரம் எதையும் தொடாதீர்கள்.

காலக்கெடுவை நம்பித் திட்டமிடாதீர்கள். ஹெச்டிஎஃப்சி இணைப்புக்கு 2022 ஏப்ரலிலிருந்து 2023 ஜூலை வரை பிடித்தது. ஜீ, சோனி இணைப்பு இரண்டு ஆண்டு இழுத்து 2024 ஜனவரியில் முறிந்தேபோனது. வங்கியின் கிளை உங்கள் கிளைக்கு அருகிலேயே இருந்தால் இப்போதே வேலை தேடத் தொடங்குங்கள். இரண்டில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. புதிய இடத்தில் கிடைக்கும் கூடுதல் சம்பளம் அந்த 1,15,000ஐப் பத்து மாதத்தில் ஈடுகட்டினால் தயங்காமல் போகலாம். ஈடுகட்டாவிட்டால், ஐந்து ஆண்டு முடிந்த பிறகே ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். 90 நாள் நோட்டீஸையும் கணக்கில் சேர்த்து முன்கூட்டியே கொடுத்தால், அதற்கான சம்பளத்தைக் கையில் தந்து அன்றே விடுவித்துவிடும் உரிமை பல நியமனக் கடிதங்களில் நிறுவனத்துக்கு இருக்கிறது; அப்போது உங்கள் ஐந்தாண்டு நிறையாது.