திருச்சிக்கு மலிவு விமானத்தில் போகலாமா?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பொங்கலுக்கு ஊருக்குப் போக மலிவு விமானத்தை நம்பலாமா, சாப்பாடு, இருக்கை எல்லாம் எப்படி?

சாப்பாட்டை விடுங்கள் தம்பி. நான்கு மணி நேரப் பயணம். லிட்டில் இந்தியா தேக்காவில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும், அதுவும் நான்கு மணி நேரம்தான். நம்பலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று இங்கிருந்து திருச்சிக்கு நேராகப் பறப்பவை எல்லாமே அந்த ரகம்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில்தான் போவேன் என்றால் சென்னையில் இறங்கி முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். அப்படிப் போய்வந்து, விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றி ஒரு மாதம் பேசுகிறவர்கள் இங்கே உண்டு. பெரம்பலூர் வருவதற்குள் கழுத்து சுளுக்கிக்கொண்டதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது மூட்டையைப் பற்றித்தான். இந்த நிறுவனங்களில் சில, குறைந்த விலைக்கு இருக்கையை மட்டுமே விற்கின்றன. பெட்டிக்குத் தனிக் காசு. டிக்கெட் எடுக்கும்போதே 20 கிலோவோ 30 கிலோவோ சேர்த்து வாங்கிவிட்டால் பிழைத்தீர்கள். கவுண்ட்டரில் போய் நின்றால் கிலோ கணக்கில் தீட்டிவிடுவார்கள். கைப்பைக்கு ஸ்கூட்டில் 10 கிலோ, இண்டிகோவில் 7 கிலோ. பெட்டிக்கான காசையும் கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று முடிவு செய்யுங்கள். பொங்கல் நெருக்கத்தில் மலிவு என்பது பெயரில் மட்டும்தான் இருக்கும்.

சாங்கி விமான நிலையத்தில் பாருங்கள், கவுண்ட்டர் முன்னால் தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டு, மைலோ டின்னை மச்சான் பைக்கு மாற்றி, கோடாலித் தைலத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டிருப்பார்கள். பத்து வருடம் இங்கே இருந்தவர்களும் இதைச் செய்கிறார்கள். ஒரு கைத்தராசு வாங்க மனம் வராது. நான் இப்போது பெட்டியைத் தூக்கினாலே எடையைச் சொல்லிவிடுவேன், அரைக் கிலோ முன்பின் இருக்கலாம். டிவி வாங்கிப்போகும் ஆசையும் வேண்டாம். 2013 ஆகஸ்டிலிருந்து தட்டை டிவிக்குச் சுங்க வரி உண்டு.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வரிசையில் ஒருவர் உறவு கொண்டாடிக்கொண்டு வருவார். "பெட்டியில் இடம் இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள், திருச்சியில் வெளியே ஆள் நிற்பார், கைச்செலவுக்குத் தருவார்" என்பார். குருவி பிடிக்கும் ஆள் அவர், அதாவது வரி கட்டாமல் தங்க நகை மாதிரிப் பொருளைக் கொண்டுபோக ஆள் தேடுகிறவர். சுங்கத்தில் சிக்கினால் பொருள் யாருடையது என்று கேட்க மாட்டார்கள், யார் பையில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கே நகையில் சலுகை உண்டு: ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். வந்து சில மாதமே ஆன உங்களுக்கு அதுவும் கிடையாது.

காசு மிச்சம் என்று கோலாலம்பூர் வழியாக இரண்டு தனி டிக்கெட் போடாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனதுதான். யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நான் முதலில் வந்தபோது டிக்கெட் போட்டவர் எங்கள் ஊர் ஏஜென்ட். பெட்டிக்கும் சேர்த்துத்தான் அப்பாவிடம் காசு வாங்கினார். திருச்சிக் கவுண்ட்டரில் பார்த்தால் டிக்கெட்டில் பெட்டியே இல்லை. அப்பா வேட்டி மடிப்பிலிருந்து எடுத்த பணம் பாதி எடைக்குத்தான் போதுமானதாக இருந்தது. மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, குழம்புப்பொடி டின்னை அப்பாவிடமே கொடுத்துவிட்டு ஏறினேன். சாங்கியில் இறங்கியபோது வேர்த்து ஒழுகியதைப் பார்த்துக் குடிநுழைவு அதிகாரி உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அந்த ஏஜென்ட் நன்றாகத்தான் இருக்கிறார், கடைக்கு ஏசி போட்டு, கண்ணாடிக் கதவும் வைத்துவிட்டார். அதனால் டிக்கெட்டை நீங்களே எடுங்கள், தம்பி. எடுத்ததும் அதில் கிலோ எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.