நாரி நோவோடு படம் வரையலாமா?

உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தையல் வேலை செய்தேன். வயது 52. மூன்று வருடமாக நாரி நோ. ஸ்கேன் பார்த்த டொக்டர் சத்திரசிகிச்சை தேவையில்லை, பயிற்சி செய்யுங்கள் என்றார். மகள் சித்திரக் கொப்பியும் பஸ்டலும் வாங்கித் தந்தாள். போன கிழமை நிலத்தில் குனிந்திருந்து கோணேசர் கோயில் மலையை வரைந்தேன். பின்னேரம் முழுக்க நோவே தெரியவில்லை. எழும்பினால் நிமிர முடியவில்லை. இரண்டு நாள் படுக்கை. விட்டுவிடவா?"

விட வேண்டாம், சகோதரி. நோ தெரியாமல் போனது உங்கள் பிரமை இல்லை. முதுகில் இருந்து வரும் சமிக்ஞையை எவ்வளவு நோவாக உணர்வது என்பது மூளையின் கையில் இருக்கிறது. கோட்டிலும் நிறத்திலும் மனம் ஊன்றியிருக்கும்போது அந்தச் சமிக்ஞைக்குக் கிடைக்கும் கவனம் குறைகிறது. ஆனால் அவ்வளவு நேரமும் அசையாமல் குனிந்திருந்த தசைகள் இறுகிக்கொண்டுதான் இருந்தன. அதுதான் பிறகு வட்டியும் முதலுமாக வந்தது.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவில் பலரும் இப்படித்தான் மாட்டுப்படுகிறார்கள்: நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு அடுத்த நாள் விழுந்துவிடுவார்கள். ஆகவே நோ வந்தபின் நிறுத்தாமல் மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்துங்கள். எவ்வளவு நேரம் இருந்தால் நோ கூடுகிறது என்று சில நாள் கவனியுங்கள். 20 நிமிடம் என்றால் 15இல் போனில் அலாரம் வையுங்கள். அடித்ததும், வானம் பாதி நிறத்தில் நின்றாலும், எழும்பி முற்றத்தில் கொஞ்சம் நடவுங்கள். கை விடாது, தெரியும். சுகமான நாளிலும் அதே 15தான். ஒரு கிழமை பிசகில்லாமல் போனால் ஓரிரு நிமிடம் கூட்டலாம்.

நிலத்தில் சம்மணம் கொட்டிக் குனிந்து வரைவது உங்களுக்குச் சரிவராது. கதிரையில் இருந்து, சுருட்டிய துவாய் ஒன்றை நாரிக்குப் பின்னால் வையுங்கள். மேசையில் தடித்த புத்தகங்களை அடுக்கிப் பலகையைச் சாய்த்துவிட்டால் கழுத்தும் தப்பும். இருக்கவே முடியாத நாளில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழ் தலையணை வைத்துச் சின்னக் கொப்பியில் கிறுக்கலாம்.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941இல் வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியும் கட்டிலுமாகிப் போனார். நிறம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, உதவியாளரைக் கொண்டு சுவரில் பொருத்தியே பெரும் படைப்புகளைச் செய்தார். உங்களுக்கும் கத்தரிக்கோல் பழகின சாமான்தானே? வெட்டுத்துண்டுத் துணிகளை ஒட்டி மலையைச் செய்து பாருங்கள். இன்றைக்குப் பாறை, நாளைக்குக் கடல். துணி காயாது, கறுக்காது. விட்ட இடத்தில் தொடங்கலாம்.

நோவையே வரைந்து பார்ப்பவர்களும் உண்டு. உடம்பின் கோட்டுருவம் ஒன்று கீறி, குத்துகிற இடத்துக்கு ஒரு நிறமும் உளைகிற இடத்துக்கு இன்னொன்றும் தீட்டி, கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். வாயால் சொல்ல வராததை டொக்டர் அதில் பார்த்துவிடுவார். ஆனால் அப்படி வரைந்தபின் மனம் இன்னும் பாரமானால், அதை விட்டுவிட்டு மலைக்கே திரும்புங்கள்.

சித்திரம் நோவைத் தாங்க உதவும். பயிற்சிக்கோ மருந்துக்கோ பதிலாகாது, இரண்டையும் தொடருங்கள். காலில் புதிதாகப் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, நோவோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.