ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே, மறுபடி போடலாமா?

கேள்வி: மாமியாருக்கு 68 வயது. சுகர், வீசிங் இரண்டும் உண்டு. டாக்டர் ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார். போன வருஷம் ஊசி போட்ட நாலாம் நாளே மாமனார் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டதால், என் கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்ய? (வாசகி, பெரம்பூர்)

பதில்: உங்கள் கணவரின் பயம் புரிகிறது, கண்ணால் பார்த்தது ஆயிற்றே. ஆனால் அந்த ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், அதனால் ஊசியாலேயே ஃப்ளூ வர வழியே இல்லை. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு லேசாகக் காயும், அவ்வளவுதான். உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், நாலாம் நாள் வந்தது ஊசி வேலை செய்யத் தொடங்கும் முன்பே தொற்றியதாக இருக்கலாம், இல்லையென்றால் அது வேறு ஏதாவது காய்ச்சல்.

முழுப் பாதுகாப்பா என்றால், இல்லை. பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்தும் வருஷங்களிலேயே ஃப்ளூவால் டாக்டரிடம் போக வேண்டிய வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் சுகரும் வீசிங்கும் உள்ளவருக்கு ஃப்ளூ வந்தால் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். அந்த ஆஸ்பத்திரி வாசத்தைத் தவிர்க்கத்தான் டாக்டர் சொல்கிறார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போடச் சொல்வேன்.

வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்த ரகங்கள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதனால் கிளினிக்கில் "இது புது மருந்தா?" என்று தயங்காமல் கேளுங்கள். பெட்டியை ஃப்ரிட்ஜிலிருந்துதான் எடுக்கிறார்களா, காலாவதி தேதி என்ன என்று பாருங்கள். சென்னையில் அக்டோபரில் மழை பிடிப்பதற்குள், செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது. தவறிவிட்டாலும் பரவாயில்லை, அப்புறம் போட்டாலும் பலன் உண்டு. முன்பு இந்த ஊசிக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் டாக்டர் சொன்னது இருக்கிறது, கணவர் சொன்னது இருக்கிறது, மாமியார் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. கை அவருடையது. இதையெல்லாம் அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், முடிவு அவர் எடுக்கட்டும். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் காய்ச்சலோடு இருமல் வந்தால் கஷாயத்தில் நாளைக் கடத்தாமல் உடனே டாக்டரிடம் போங்கள், ஃப்ளூ மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.