ஒரே மொட்டை மாடி, மூன்று வேலை: கோடைக் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் விருதுநகர் பக்கம். பதினெட்டு வருஷமாக வீட்டிலிருந்தே வத்தல், வடகம், மோர் மிளகாய் போட்டு விற்கிறேன். வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி என்பதால் மராமத்து வேலையும் பழக்கம். சித்திரை பிறந்தால் நாத்தனார், கொழுந்தனார் குடும்பம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வந்து தங்குவார்கள். வேலை, வியாபாரம், விருந்தாளி மூன்றும் ஒரே மாதத்தில் வந்து நின்றால் எப்படிச் சமாளிப்பது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மழைக்கு மாடி ஒழுகுகிறது. வடகத்துக்கு ஆர்டர் பிடித்திருக்கிறேன். மே 10-ஆம் தேதி அண்ணன் குடும்பம் வருகிறது. எதை முதலில் செய்ய? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி)

மாடி வேலைதான் முதலில், தங்கச்சி. மூன்று வேலைக்கும் அந்த ஒரே மொட்டை மாடிதான் வேண்டும். வேலையாட்கள் இருக்கும்போது வடகம் காயப்போட முடியாது. வடகம் காயும்போது பிள்ளைகளை அங்கே ஓட விட முடியாது. ராத்திரி காற்றுக்குப் படுக்கவும் அதே மாடிதான். அதனால் காலண்டரை எடுத்து, யாருக்கு எந்த நாட்களில் மாடி என்று முதலில் எழுதுங்கள்.

ஒழுகும் தளத்துக்கு மருந்து பூச வேண்டுமானால் அது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பங்குனி வெயில் அதற்குச் சரியான வெயில். ஏப்ரல் 1-ஆம் தேதி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முதலில் பாசி, பழைய பூச்சு எல்லாம் சுரண்டிக் கழுவ வேண்டும். விரிசலை அப்படியே மேலாகப் பூசி மறைத்தால் அடுத்த மழைக்கே திறந்துகொள்ளும். கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பாதி வீடுகளில் தண்ணீர் இறங்குவது அங்கேதான். அந்த மூலையை உருட்டிப் பூச வேண்டும். பிறகு வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கோட்டு, ஒன்று நீளவாக்கில், இன்னொன்று குறுக்குவாக்கில். எத்தனை நாள் காய வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு வாரம். அப்புறம் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி ஒரு நாளாவது நிறுத்துங்கள். கீழே ஈரம் தெரியவில்லை என்றால்தான் மீதிப் பணம்.

இத்தனைக்கும் இரண்டு வாரம் ஆகும். சித்திரை பிறக்கிறபோது மாடி கைக்கு வந்துவிடும். ஏப்ரல் 20 முதல் மே 4 வரை வடகம். அதற்குப் பிறகு ஐந்து நாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பாய், போர்வை துவைக்க, அரிசி பருப்பு வாங்க, உடம்பைச் சாய்க்க அந்த ஐந்து நாள் வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். புதிதாகப் பூசிய தளத்தின் மேல் வடகத்துணியை விரிக்க வேண்டாம். ஒரு வருஷம் அவசரப்பட்டு, பூசிய எட்டாம் நாளே விரித்துவிட்டேன். எட்டுக் கிலோ அரிசிக் கூழ். காய்ந்த பிறகு பொரித்துப் பார்த்தால் பெயிண்ட் வாடை. அத்தனையும் கொட்டினேன். இப்போது கயிற்றுக் கட்டில்களைப் போட்டு அதன் மேல்தான் துணி விரிக்கிறேன். கீழேயும் காற்று போவதால் சீக்கிரமும் காய்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வடகம் போடலாம்? ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. (ராஜபாளையம்)

என் அனுபவத்தில் ஒரு ஆள், ஒரு நாள், இரண்டு கிலோ அரிசி. காலை நாலு மணிக்குக் கூழ் கிண்டி, ஏழு மணிக்குள் பிழிந்து முடித்தால்தான் அன்றைய முழு வெயிலும் கிடைக்கும். உப்பைக் கூழில் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள், காய்ந்தால் ஏறிக்கொள்ளும். உடைத்தால் சத்தத்தோடு ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். சாயங்காலம் கோடை மழை வரும் என்பதால் நாலு மணிக்கே எடுத்து உள்ளே வையுங்கள்.

ஆக, பதினைந்து நாள் என்றால் முப்பது கிலோ அரிசி. மேகம் போட்ட நாள், கல்யாணத்துக்குப் போகும் நாள் என்று நாலைந்து கழியும். இருபது கிலோ அரிசிக்கு எவ்வளவு வடகம் வருமோ அவ்வளவுக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள். அதற்கு மேல் கேட்பவர்களிடம் விருந்தாளிகள் போன பிறகு தருகிறேன் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கேட்டவர்கள் காத்திருப்பார்கள், எனக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. வீட்டிலிருந்து விற்றாலும் சரி, கடைகளுக்குப் போட்டாலும் சரி, எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

பெயிண்டர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு வாரமாக வரவில்லை. பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்று, வீடு முழுக்கச் சாமான் நடுவில் கிடக்கிறது. (சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்பு)

அண்ணே, அவருக்கும் ஊர் இருக்கிறது, அங்கேயும் திருவிழா இருக்கிறது. பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, ஊர்க் கொடை, முகூர்த்த நாள் என்று இந்த இரண்டு மாதமும் வேலையாட்கள் பாதி நாள் ஊரில்தான் இருப்பார்கள். அடுத்த முறை பேசும்போதே "எந்தத் தேதியெல்லாம் ஊருக்குப் போவீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். பணத்தையும் பட்டி வைத்ததும் ஒரு பகுதி, பிரைமர் அடித்ததும் ஒரு பகுதி என்று வேலையைப் பார்த்துக் கொடுங்கள்.

இப்போதைக்கு எல்லா அறையையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டிருப்பதைச் சரிசெய்யுங்கள். ஒரு அறையை முழுதாக முடித்து, சாமானை உள்ளே தள்ளி, அப்புறம் அடுத்த அறை. புதுச் சிமெண்டுப் பூச்சு எங்கேயாவது இருந்தால் அந்தச் சுவரை இந்தக் கோடையில் விட்டுவிடுங்கள். 28 நாளாவது காயாமல் அடித்த பெயிண்ட் உரிந்து வரும்.

கத்திரி வெயிலில் வேலை ஆரம்பிக்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். உண்மையா? (கரூர்)

பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டி ஆரம்பித்து 28 வரை போகும். அந்த வெயிலில் பூசிய சிமெண்டு, பிடிப்பதற்குள் ஈரம் இழந்து வெடித்துவிடும். செய்தே ஆக வேண்டும் என்றால் ஈரச் சாக்குப் போட்டு, ஒரு வாரத்துக்குக் குறையாமல் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். அதைவிட முக்கியம், சாரத்தில் நிற்பவரின் உடம்பு. காலை ஆறரைக்கு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நிழலில் உட்காரட்டும். உப்புப் போட்ட மோர் ஒரு பானை எப்போதும் இருக்கட்டும். சம்பளம் தருகிறோம் என்பதற்காக உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்தி வைக்க நமக்கு உரிமை இல்லை.

பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் போகும்வரை நான் அடுப்படியிலேயே நிற்கிறேன். எனக்கு 62 வயது. இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. (தஞ்சாவூர்)

அம்மா, இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மாமியாரும் இப்படித்தான் இருந்தார். பத்து நாள் எல்லோரும் கூடியிருப்போம். கடைசியில் பார்த்தால் அவரோடு யாரும் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டோம். அவர் போன பிறகுதான் அது உறைத்தது.

கூச்சப்படாமல் சொல்லுங்கள். எல்லோரும் வந்து இறங்கிய அன்றைக்கே, சாப்பாட்டு நேரத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி: "காலை டிபன் பெரியவன் வீடு, ராத்திரி சின்னவன் வீடு, மத்தியானம் மட்டும் நான்." பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மருமகள்களை மட்டும் இல்லை. தேங்காய் துருவ, வெங்காயம் உரிக்க, தண்ணீர் பிடிக்க அவர்களுக்கும் கை இருக்கிறது. எங்கள் வீட்டில் காப்பி பொறுப்பு முழுக்கக் கொழுந்தனாருடையது. முதல் வருஷம் ஒரு மாதிரியாக இருந்தது, இப்போது அவர் காப்பிக்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறோம்.

மாவை நீங்கள் அரைக்க வேண்டாம், கடையில் வாங்கட்டும். ராத்திரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய சோறு, மோர், வத்தல், மாங்காய் ஊறுகாய் போதும். வெயிலுக்கு அதுதான் வயிற்றுக்கும் நல்லது. பேரப்பிள்ளைகளுக்கு நிலாச்சோறாக உருட்டிக் கையில் கொடுங்கள், அந்த வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மே மாதத் தண்ணீர்க் கஷ்டத்தில் பன்னிரண்டு பேர் வந்தால்? (திருப்பூர்)

நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசாங்கக் கணக்கே இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு 1,620 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒரு நாள் தாங்காது. அவர்கள் வருவதற்கு முதல் நாள் சம்ப்பை நிரப்பிவிடுங்கள். லாரித் தண்ணீர் என்றால் 6,000 லிட்டர் லாரியைப் பக்கத்து வீட்டோடு பங்கு போடலாம். சிமெண்டு நனைக்கும் வேலையை அந்த வாரத்தில் வைக்கவே கூடாது.

காலேஜ் லீவில் கேட்டரிங் வேலைக்குப் போகிறேன். குலதெய்வம் கும்பிட எல்லோரும் போகும் நாளில்தான் முகூர்த்தம், அன்றைக்கு இரட்டைச் சம்பளம். எதற்குப் போவது? (மதுரை)

குலதெய்வத்துக்குப் போ தம்பி. முகூர்த்தம் இந்த மாதத்திலேயே இன்னும் நாலு வரும். ஆனால் உன் மேஸ்திரியிடம் இன்றைக்கே சொல்லிவிடு, உனக்குப் பதிலாக ஒரு ஆளையும் நீயே பார்த்துக் கொடு. கடைசி நேரத்தில் போனை அணைத்துவிட்டு மட்டும் போகாதே.

பெங்களூரிலிருந்து வர ரயில் டிக்கெட்டே கிடைப்பதில்லை. எப்போது போட வேண்டும்?

2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு இல்லை. மே 10-ஆம் தேதி ரயிலுக்கு மார்ச் 11-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். அதனால் என்றைக்குக் கூடுவது என்பதை மாசியிலேயே பேசி முடிவு செய்யுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் அதேபோல் நாள் எண்ணிப் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் வந்தவர்கள் இரண்டாம் நாளே போனும் கையுமாக டிக்கெட் தேடிக்கொண்டிருப்பார்கள், மாடிக்குப் பேச வர மாட்டார்கள்.