எட்டே முக்கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் வழியாக அச்சுப்படக் கலைஞர் மார்ட்டின் லூயிஸுக்கு வந்து சேர்ந்தேன். 'ஒன்பதே கால், சனிக்கிழமைக் குழந்தைகள்' என்ற அவருடைய எட்சிங்கை, அதாவது உலோகத் தகட்டில் கோடு அரித்து அச்செடுத்த படத்தை, ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இருவரில் யார் பெரியவர்? வேலைக்குப் போகிறவர்களின் நியூயார்க்கைக் காட்ட அப்போதே கேமரா இருந்ததே, இவ்வளவு பாடு எதற்கு? இன்னொன்று: ஒரு தகட்டில் ஆயிரம் பிரதி எடுக்கலாம். நூறோடு நிறுத்தி ஒவ்வொரு பிரதியிலும் எண் போடுவது விலையேற்றும் தந்திரம்தானே?

க.

அன்புள்ள க.,

ஒன்பதே கால் இல்லை, எட்டே முக்கால். அமெரிக்கப் பேச்சில் 'குவார்ட்டர் ஆஃப் நைன்' என்றால் ஒன்பதுக்குக் கால் மணி முந்தி. அரை மணி நேரத்தைத் தள்ளிவைத்து படத்தில் தெருவில் நடந்து போகும் பெண்களை வேலைக்குத் தாமதமாக்கிவிட்டீர்கள். அவர்கள் கையில் இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது, அதனால்தான் அந்த நடை. சனிக்கிழமை பிறந்த குழந்தை பாடுபட்டுப் பிழைக்கும் என்று ஆங்கிலத்தில் பழைய சிறுவர் பாட்டு உண்டு. தலைப்பு அங்கிருந்து வந்தது.

யார் பெரியவர்? ஹாப்பர் 1915 வாக்கில் எட்சிங் பழகியபோது நுட்பம் சொல்லித் தந்தவர் லூயிஸ். அதற்கு மேல் அந்தப் பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. கேமராவும் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

தந்திரம் என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். 1929இல் லூயிஸ் செய்த அந்தப் படம் எட்சிங்கே இல்லை, டிரைபாயிண்ட். இது தெரியாததால்தான் ஆயிரம் பிரதிக் கணக்கு வருகிறது.

எட்சிங்கில் செம்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். ஊசி அந்தப் பூச்சை மட்டும் கிழிக்கும். செம்பைத் தோண்டுவது அமிலம். நைட்ரிக் அமிலமானால் கோட்டில் குமிழி சேரும். இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் கோடு திட்டுத்திட்டாக அரிபடும். தகட்டை வெளியே எடுத்து, மெல்லியதாக நிற்க வேண்டிய கோடுகளை முதலில் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, கறுக்க வேண்டியவற்றுக்காகத் தகட்டை மறுபடி அமிலத்தில் இறக்குவார்கள். கிடைப்பது சுத்தமான பள்ளம். பள்ளம் லேசில் தேயாது. ஹாப்பரின் 1921ஆம் ஆண்டு 'இரவு நிழல்கள்' படத்தை நியூ ரிபப்ளிக் இதழ் 1924இல் ஒரு தொகுப்பில் சேர்த்து நூற்றுக்கணக்கில் அச்சிட முடிந்தது.

டிரைபாயிண்டில் அமிலம் கிடையாது. ஊசி செம்பை உழுகிறது. ஏர் போன சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குவதுபோல் கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும். லேத் பட்டறையில் பிசிறைக் கண்டால் அரத்தைத் தேடுவார்கள். இங்கே படமே பிசிறில்தான் இருக்கிறது. பள்ளத்தில் நிற்கும் மை கொஞ்சம்தான். பிசிறு பிடித்துவைக்கும் மைதான் அந்த வெல்வெட் கறுப்பு. ஊசியைச் சாய்த்து இழுத்தால் ஒரு பக்கம் பெரிய பிசிறு எழும். நிமிர்த்திப் பிடித்தால் இரு பக்கமும் சின்னதாக எழும். அளவுக்கு மீறிச் சாய்த்தால் பிசிறு தகடாக மெலிந்து முதல் சில பிரதிகளிலேயே ஒடிந்துவிடும்.

அச்சடிப்பது அதைவிடச் சிக்கல். மை தடவி, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைக்க வேண்டும். அழுத்தித் துடைத்தால் பிசிறு மடங்கும். தயங்கித் துடைத்தால் நெருக்கமான கோடுகள் சேறாகும். காகிதத்தை நனைத்து, மேலே பளபளப்பு போகும்வரை ஒற்றி எடுக்க வேண்டும். நீர் மின்னினால் மை ஒட்டாது. காய்ந்திருந்தால் காகிதம் கோட்டுக்குள் இறங்காது. பிறகு தகட்டின் மேல் காகிதம், அதன் மேல் கம்பளி விரிப்புகள், உருளை. ஒவ்வொரு முறை உருளை ஏறும்போதும் பிசிறு கொஞ்சம் சாய்கிறது. வெறும் செம்பானால் இருபது முப்பது பிரதிக்குள் கறுப்பு சாம்பலாகிவிடும். இரவுத் தெரு போட்டவர் சாயங்காலத்தை விற்க வேண்டியதுதான். செம்பின் மேல் மின்சாரத்தால் மெல்லிய இரும்பு முலாம் ஏற்றினால் நூறைத் தொடலாம், தாண்டவும் செய்யலாம். முலாம் தேய்ந்து செம்பின் சிவப்பு எட்டிப் பார்த்தால் அதைக் கரைத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். முலாம் போட்டால் கறுப்பில் ஒரு மாற்றுக் குறையும் என்று முணுமுணுக்கிறவர்களும் உண்டு.

நூறு என்ற எண் இப்படித்தான் வந்தது. நன்றாக உழைக்கும் எட்சிங் தகட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எண் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களைத் திட்டுங்கள், லூயிஸை விடுங்கள்.

பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காக மற்றதையெல்லாம் மன்னித்தாயிற்று. ஆனால் ஃபோனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் மையின் மேடு தெரியாது. என்றாவது அசல் பிரதி கண்ணில் பட்டால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்றுகொண்டு, படத்தில் நிழலாக இருக்கும் இடத்தில் லென்ஸை வையுங்கள். எட்சிங் கோட்டின் இரு கரையும் வெட்டினாற்போல் இருக்கும். டிரைபாயிண்ட் கோட்டின் ஒரு கரை பூனை ரோமம்போல் கலைந்திருக்கும். அங்கே கறுப்பு குறைந்து வெறும் கோடு மட்டும் தெரிந்தால் அது தகடு தேய்ந்த பிறகு எடுத்த பிரதி. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அச்சடித்த வரிசையிலேதான் எண் போட வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.