கடற்கரையில் பாசி மலைபோல் குவிவது ஏன்? அதனால் என்ன கெடுதல்?

கடலோரத் தண்ணீரில் கடற்பாசி வழக்கத்தைவிடப் பல மடங்கு வளர்ந்து, அலையோடு வந்து கரையில் ஒதுங்குவதைத்தான் கடற்பாசிப் பெருக்கம் என்கிறோம்.

காரணத்தைக் கடலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, நிலத்தில் தேட வேண்டும். பிரான்சின் பிரிட்டனி பகுதியை எடுத்துக்கொள்வோம். அந்த நாட்டுப் பன்றிகளில் பாதிக்கு மேல் அங்கேதான் வளர்கின்றன. அவற்றின் சாணமும் வயலில் கொட்டும் உரமும் மழையில் கரைந்து, செடிகளுக்குச் சத்தாகும் நைட்ரேட்டாக ஆற்றில் இறங்கி, ஆழமில்லாத, தண்ணீர் சீக்கிரம் வெளியேறாத விரிகுடாக்களில் போய்த் தங்கிவிடுகின்றன. அப்புறம் வெயில் ஏறியதும் பச்சைப்பாசி பெருகிவிடுகிறது. சாக்கடை கலந்த நம் ஊர்க் குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிடுமே, அதே கதைதான்.

அடர்ந்த பாசி வெளிச்சத்தை மறைக்கும், அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்னும், மீனும் சிப்பியும் திணறும். எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது கரையில் கிடக்கும் குவியல். மேலே வெயிலில் காய்ந்து வெளுத்த ஓடு, அடியில் கறுத்து அழுகிய சேறு. கால் வைத்து ஓடு உடைந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வெளியே வரும். 2009இல் பிரிட்டனியில் ஒரு குதிரை இப்படித்தான் செத்தது, அதோடு வந்தவர் மயங்கி விழுந்தார். 2011இல் 30க்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன.

பலரும் நினைப்பதுபோல் அந்தப் பாசி விஷச் செடி இல்லை. சுத்தமான தண்ணீரில் வளர்ந்து பசுமையாக இருக்கும்போது அதைச் சாப்பிடவே செய்கிறார்கள், ஆபத்து அது குவிந்து அழுகும்போது வரும் வாயுவில்தான்.